மாலை போட்ட நாவல்

நூலக வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "யாருக்கு எந்தப் புத்தகம் கொடுக்கிறதுன்னு எப்படி மேடம் தெரியும்?" விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறவள் நான். இந்தக் கேள்வியைக் கேட்டதும் மூக்கில் சந்தன வாசனை அடிக்கிறது. அட்டவணை போடுவது, அடுக்குவது, தூசி தட்டுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் தொடவில்லை. ஒரு நாவலை ஒருத்தியிடம் "படிச்சுப் பாரு" என்று நீட்டினேன். அது எங்கே போய் நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் நான் கடைசியாக இருந்த கிளை நூலகம் பேருந்து நிலையத்துக்கு எட்டும் தூரம். வாசலில் பிரியாணிக் கடை அண்டாவின் நெடி, உள்ளே பழைய தாளின் நெடி. இரண்டும் சேர்ந்த காற்றில்தான் என் நடுவயது கழிந்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சாவியைத் தரும்போது சொன்னார்: "முழுசாப் படிக்காத புத்தகத்தை நல்லாருக்குன்னு யாருக்கும் சொல்லிராதீங்கம்மா. கடைசிப் பக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்." இதென்ன கெடுபிடி என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தக் கெடுபிடிதான் ஒருநாள் என் முதுகைப் பிடித்து நிறுத்தி வைத்தது.

முருகாயி வாரத்துக்கு ஒருமுறை வருவாள். எரியோடு பக்கம் ஒரு ஊர். முருங்கைக்காய்க் கட்டை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்தால் எங்கள் மின்விசிறிக்குக் கீழே வந்து உட்காருவாள். நாற்பதைத் தாண்டியவள். பத்தாவது வரை படித்தவள். எப்போது வந்தாலும் தலை நிறையப் பூ. வெயிலில் வேலை செய்கிற பெண்ணுக்கு இத்தனை பூ எதற்கு என்று ஒருநாள் நினைத்ததுண்டு. கேட்கவில்லை.

"அக்கா, சாமி புஸ்தகம் வேணாம். சமையல் புஸ்தகம் வேணாம். ஆளுக இருக்கிற புஸ்தகமா ஒன்னு குடுங்க."

"ஆளுகன்னா?"

"எங்கள மாதிரி ஆளுக. கார்ல வந்து எறங்கி அழுவாங்களே, அவக இல்ல."

எனக்கு உடனே அந்த நாவல் ஞாபகத்துக்கு வந்தது. பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஆசிரியரின் தூக்கம் போய்விடும். நம் வட்டார மண்ணை வைத்து எழுதிய நாவல். அதில் ராஜா இல்லை, கொலை இல்லை. விலை கிடைக்காத தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து பீடி குடிக்கிறவன் ஒருத்தன். அடுத்த வீட்டுக் கோழியைப் பிடித்து அடித்துத் தின்றுவிட்டு, அடுத்த வீட்டுக்காரியோடு சேர்ந்து அதைத் தேடுகிறவள் ஒருத்தி. பாதயாத்திரை போய் வெகுநாள் ஊர் திரும்பாமலே இருக்கிறவன் ஒருவன். யாரும் பெரிய ஆளில்லை. ஆனால் ஒவ்வொருவரும் பக்கத்தை விட்டு எழுந்து நம்மிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கிற மாதிரி எழுதியிருப்பார். அந்த ஊரில் கதை நடக்கிறது என்று சொல்ல முடியாது. அங்கே வெயில் அடிக்கிறது, மனிதர்கள் காய்கிறார்கள், எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கேட்கிறது. அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

"இதுல உங்க ஊரு மாதிரி ஒரு ஊரு இருக்கு. படிச்சுப் பாரு" என்றேன்.

அடுத்த வாரம் வந்தாள். புத்தகம் வரவில்லை. "படிச்சு முடிச்சுட்டேன்க்கா. ஆனா அவளுக விட மாட்டேங்குறாளுக" என்றாள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைச் சொன்னாள். அங்கே வருகைக்கு இரண்டு முறை போட்டோ எடுப்பார்கள். மண் வெட்டி முடிந்துவிட்டாலும் இரண்டாவது போட்டோ எடுக்கும்வரை யாரும் இடத்தை விட்டுப் போகக் கூடாது. குளத்துக் கரை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் முருகாயி நாவலை உரக்கப் படிக்கிறாளாம்.

"கோழி திருடுனவள எங்க மதினி ஒருத்தி இன்னும் வஞ்சுக்கிட்டு இருக்கா. சோத்துல கைய வைக்க விட மாட்டேங்குறா. அவளுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் இப்ப பேச்சுவார்த்த இல்ல."

"நெசமாவா?"

"அவ வீட்லயும் ஒரு கோழி காணாமப் போயிருக்குல்ல."

நான் சிரித்தேன். பூரித்துப் போனேன் என்றே சொல்லலாம். ஒரு நாவல் வேப்ப மரத்தடியில் முப்பது பெண்களின் மடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டிச் சோறு தின்கிறது! இதைவிட என்ன வேண்டும் நூலகம் வைத்திருக்கிறவளுக்கு? நாட்களை நீட்டித்து முத்திரை போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன்.

பிறகு ஒரு முற்பகல். செய்தித்தாள் படிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நேரம். இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். இருவருக்கும் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழையில்லை. புடவையும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நடந்த இடமெல்லாம் தரையில் ஈரக் கால்கள்.

"டீச்சர்னா நீங்கதான?" என்றாள் மூத்தவள். "முருகாயிக்குப் புஸ்தகம் குடுத்தது?"

"ஆமா. என்னம்மா இது, நனைஞ்சு..."

"தல முழுகிட்டு வாரோம். கேதம்ல. பங்காளி வீடு. நேத்து குளத்துல வச்சே எல்லாரும் எந்திரிச்சுப் போயி முழுகிட்டோம். இன்னைக்குக் காலைல உறமுறைக வந்து எறங்குனதும் இன்னொரு தரம்."

"யாரு எறந்தது?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் நடிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். "முருகாயி புருசந்தான். உங்க புஸ்தகத்துல செத்துப் போனாருல்ல."

செய்தித்தாள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின.

இளையவள் தொடர்ந்தாள். "எந்த ஸ்டேசன்ல செத்தாருன்னு எழுதுனவருக்குப் போனப் போட்டுக் கேட்டுச் சொல்லுவீங்களாம். அஸ்தி எதுவும் கெடைக்குமான்னு பெரியவரு கேட்டாரு. கெடைக்காட்டி வைக்கோல்ல பொம்ம செஞ்சு வச்சுக் காரியத்தச் செஞ்சுருவாக. மத்தியானம் சங்கு ஊதிருவாக. அப்புறம் முருகாயிக்குத் தாலி எறக்கணும்."

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. உதவியாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவர்களோடு எரியோடு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில்தான் மீதியைச் சொன்னார்கள். முருகாயியின் கணவன் சில வருடங்களுக்கு முன்னால் தைப்பூசத்துக்கு ஊர்க் கூட்டத்தோடு பழனிக்கு நடந்து போனவன். மலைப்படி ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. தேடினார்கள், போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். பழனிக்கு நடந்து போனவர் திரும்பி வரும்வரை வீட்டுக் கதவைத் தாழ் போடக் கூடாது. வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்க வேண்டும், வந்ததும் கால் கழுவி உள்ளே நுழைய. வீட்டுக்காரி வெளியூரில் தங்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது நாலைந்து நாள் விரதம். முருகாயிக்கு அது முடியவேயில்லை. தினமும் செம்பில் தண்ணீர் மாற்றினாள். தினமும் பூ வைத்தாள், வைக்காவிட்டால் கேள்வி வரும். மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். ஒரு ராத்திரிகூட முருகாயி அங்கே படுத்ததில்லை. இப்போது மகளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. துணைக்கு ஆளில்லை. "நீ போய்ட்டா, எந்தம்பி வந்தா பூட்டுன வீட்டயா பாப்பான்?" என்று கணவனின் அண்ணன் சடையாண்டி எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாராம். பங்காளிகளில் மூத்தவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நேற்று முருகாயி படித்த பக்கத்தில் பாதயாத்திரை போனவன் செத்துப்போக, அது அவள் புருசனேதான், யாரோ பார்த்து எழுதியிருக்கிறார் என்று எல்லோரும் நம்பிவிட்டார்களாம்.

ஜன்னல் வழியாகக் காய்ந்த காடுகள் ஓடின. எனக்கு உள்ளே ஒரே ஒரு வரி ஓடியது. அந்த நாவலில் அவன் சாகவில்லை. கடைசிப் பக்கத்தில் அவன் திரும்பி வருகிறான்.

யாரோ முருகாயியை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாலு பேர் சேர்ந்து உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்து, அந்தப் பெண்ணின் கழுத்தில் கை வைக்கப் போகிறார்கள். நான் கொடுத்த புத்தகத்தை வைத்து! போய் இறங்கியதும் புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்துவிட வேண்டும். பஸ் ஊர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் வெள்ளைத் துண்டு விரித்து, துண்டின்மேல் நான் கொடுத்த நாவல்.

மாலை போட்டிருந்தார்கள். ரோஜா மாலை. அட்டையில் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகி முன்னால் வைத்திருந்தது. போனவனுக்கு நல்ல போட்டோ ஒன்றும் இல்லாததால் புத்தகத்தை வைத்துவிட்டார்கள். மாலைக்குக் கீழே எங்கள் நூலகத்தின் நீல முத்திரை பாதி தெரிந்தது. வாழ்க்கையில் எத்தனையோ புத்தகங்களைக் கறையான் தின்னப் பார்த்திருக்கிறேன், மழையில் ஊறப் பார்த்திருக்கிறேன். ஒரு புத்தகம் பிணமாக உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

சடையாண்டி எழுந்து வந்தார். உயரமான மனிதர். அழுத கண். "வாங்க டீச்சர்" என்றார். "எந்தம்பி விசயம். அம்புட்டுப் பேரும் நம்பிட்டாக. பொம்பளைக சொன்னத வச்சு நான் சங்கு ஊத மாட்டேன். படிச்சவுக நீங்க. புஸ்தகமும் உங்களுது. அந்த எடத்த நீங்க படிங்க. நாங்க கேட்டுக்கிறோம்."

மாலையைக் கழற்றிப் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். கனத்தது. விரலெல்லாம் சந்தனம். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

இருந்தது. மாறாமல் அப்படியே இருந்தது. அவன் வாசலில் நிற்கிறான். வைத்திருந்த தண்ணீரை எடுக்கிறான். கால் கழுவாமல் நின்றபடியே குடிக்கிறான். உள்ளே யாரோ இருமுகிறார்கள். நாவல் முடிகிறது.

வாயைத் திறந்தேன். அப்போதுதான் முருகாயியைப் பார்த்தேன். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலையில் அதே பூ. எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் அழவில்லை. என் கண்ணையே பார்த்தாள். பார்த்தபடி, மிகச் சாதாரணமாக, மார்க்கெட்டில் விலை சொல்கிற குரலில் சொன்னாள்:

"அக்கா, ரயிலடிக்கு வாராருல்ல. அந்த எடத்துலருந்து படிங்க."

அந்த நாவலில் ரயிலடியே இல்லை.

யாரும் அவளை ஏமாற்றவில்லை. முப்பது பெண்களுக்கு முன்னால் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை வரியில் வைத்துக்கொண்டு, அச்சில் இல்லாத ஒரு சாவை இவளேதான் வாசித்திருக்கிறாள். இப்போது எனக்கு அடி எடுத்துக் கொடுக்கிறாள்.

எனக்கு யோசிக்கக் கிடைத்தது, ஊதுபத்திச் சாம்பல் ஒரு தரம் உதிர்கிற நேரம். உள்ளதைப் படித்தால் என்ன ஆகும்? அவன் வருகிறான், தண்ணீர் குடிக்கிறான். இவர்கள் எல்லோரும் எழுந்து கைகொட்டுவார்கள். வாசலில் செம்பு புதிதாக நிரம்பும். புத்தகத்திலேயே வந்துவிட்டான், நிசத்திலும் வருவான் என்று இன்னும் எத்தனை வருடம்? திருப்பூரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். இல்லாததைப் படித்தால்? எங்கோ உயிரோடு இருக்கக்கூடிய ஒரு மனிதனை என் வாயால் எரிக்கிறேன். அச்சடித்த வரிக்கு விசுவாசமாக இருக்கத்தானே எனக்குச் சம்பளம்? இதற்குப் பயிற்சி கிடையாது, கண்ணுகளா. அந்த நொடியில் ஒன்றுதான் புலப்பட்டது. நான் எதைப் படித்தாலும் அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். படித்ததற்குள்ளே குடியிருக்கப் போகிறவள் அவள்.

தொண்டையைக் கனைத்தேன்.

"ரயிலடியில் வெயில் சாய்ந்திருந்தது" என்று படித்தேன். "சிமெண்டுப் பெஞ்சில் ஒருவன் படுத்திருந்தான்..."

"பெஞ்சா?" என்று நூலகத்துக்கு வந்த மூத்தவள் தலையைத் தூக்கினாள். "நேத்து வேப்ப மரத்தடின்னுல்ல படிச்சா?"

பந்தல் திரும்பியது.

"மரத்தடியில பெஞ்சு கெடக்காதாக்கும்?" என்றாள் முருகாயி. "செத்த நேரம் குறுக்க பேசாம கேளு மதினி. நீ கோழியவே இன்னும் விடல."

யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டார்கள். நான் படித்தேன். வேப்பம்பழம் அவன் மார்பில் விழுந்ததைப் படித்தேன். முகம் பழனிப் பக்கம் திரும்பியிருந்ததை, கையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்ததை, யார் பெற்ற பிள்ளையோ என்று போர்ட்டர் ஒருவர் தன் துண்டை எடுத்து மூடியதைப் படித்தேன். எங்கிருந்து வந்தன அந்த வரிகள்? வருடக்கணக்காக இரவல் கொடுத்த பக்கங்களெல்லாம் அன்று என் வாயில் வந்து அடைத்துக்கொண்டு நின்றன. கண் மட்டும் புத்தகத்தில் இருந்தது. அங்கே அவன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான்.

படித்து முடித்தபோது சடையாண்டி தலையைக் குனிந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கையை ஆட்டினார். சங்கு ஊதினார்கள்.

தாலியை இறக்க இரண்டு மூத்த பெண்கள் எழுந்தார்கள். முருகாயி கையை நீட்டித் தடுத்தாள். "யாரும் தொட வேணாம்." பூவை அவளே எடுத்து மடியில் வைத்தாள். கழுத்துக் கயிற்றை அவளே தலைவழியாகக் கழற்றினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்த அழுகை மட்டும் யாரும் எழுதியதில்லை, யாரும் படித்ததில்லை. இன்றும் என் காதில் இருக்கிறது.

வேலியோரமாக என்னை வழியனுப்ப வந்தவளிடம், "ஏன் முருகாயி?" என்றேன். அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"அவரு வந்துட்டாருன்னு படிச்சா நான் சாகுறவரைக்கும் செம்பு வைக்கணும்க்கா. புஸ்தகத்துல இருக்கிறவருக்குச் செத்தா வலிக்காதுல்ல" என்றாள். காரியம் முடிந்த கையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதோடு முடிந்தது என்று இருந்தேன். முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு பகலில் சடையாண்டி நூலகத்துக்குள் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. "அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் குடுங்க டீச்சர்" என்றார். சந்தனக் கறையோடு அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். விரலை வரியின்மேல் ஓட்டி, உதடு அசைய, படித்தார்.

இவருக்குப் படிக்கத் தெரியுமா! நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் நிமிராமல். "நீங்க அன்னைக்கி வாரதுக்கு முந்தியே இதப் படிச்சுட்டேன். மால போடுறதுக்கு முன்னால."

"அப்புறம் ஏன் என்னைப் படிக்கச் சொன்னீங்க?"

"வீட்டப் பூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னவன் நானு. சொன்ன வாயால எப்பிடி மாத்திச் சொல்றது? அந்தப் புள்ள இம்புட்டு தூரம் எறங்கி ஒரு பொய்யப் படிக்குதுன்னா, அது எம்புட்டு நொந்திருக்கும்னு அன்னைக்கித்தான் புத்தி வந்துச்சு. வெளியாளு ஒருத்தர் வாயால வரட்டும்னு விட்டுட்டேன்."

"நான் உள்ளதைப் படிச்சிருந்தா?"

"படிச்சிருந்தா கதவு தெறந்தே கெடந்திருக்கும்" என்றார். "நீங்க நல்லாப் படிச்சீங்க டீச்சர். போர்ட்டர் துண்டு போட்டு மூடுனாருன்னீங்களே, அதக் கேக்கவும் என்னாலயே தாங்க முடியல. நெசமாவே எந்தம்பி போய்ட்டானோன்னு ஆயிருச்சு."

மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலம் மிட்டாயை எடுத்து மேசையில் வைத்தார். முருகாயிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். புத்தகத்தை மூடி, அட்டையிலிருந்த சந்தனக் கறையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"இப்ப அந்த வீட்டுல நாந்தான் படுத்துக்கிறேன் டீச்சர். செம்புத் தண்ணிய நாந்தான் மாத்துறேன். கதவத் தாழ் போடுறதில்ல." கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "பக்கத்து வீட்டுக்காரவுக கேட்டா, காத்துக்காகன்னு சொல்லிக்கிறது."